டைப்பிங் சென்டர் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: ஓடியது, ஓடாதது, செலவு

நேற்று சாயங்காலம் லீகல் தாளில் ஒரு வாரிசுச் சான்றிதழ் மனு முழுசாக வெளியே வந்தது. மேல் ஓரம் வெட்டுப்படவில்லை, அடிவரி அடுத்த பக்கத்துக்கு ஓடவில்லை. பிரிண்டர்தான் கடைசி முடிச்சு. அதுவும் அவிழ்ந்துவிட்டதால், மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

லேப்டாப் என்னுடையது இல்லை. கடலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீஸ் எதிரில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் அக்காவுடையது. மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், எப்போதாவது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மேட்டர். இவைதான் அங்கே நடக்கும் வேலை. மெஷின் 2017 கடைசியில் வாங்கியது. ஐ3-6006யூ பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், விண்டோஸ் 10.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இது 6-ஆம் தலைமுறை. சரிபார்ப்பை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வழிகள் இருக்கின்றன. நாளைக்கு ஒரு அப்டேட்டில் அது நின்றுபோனால் அக்காவுக்கு அன்றைய வருமானம் போச்சு. சோறு போடும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாதுகாப்பு அப்டேட் மட்டும் கூடுதலாக ஒரு வருஷத்துக்கு, 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம். அது தள்ளிப்போடுவதுதான், தீர்வு இல்லை.

“புதுசே வாங்கிடலாமா தம்பி?” என்று கேட்டார். வாங்கலாம், முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஆகும். மனுவுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருப்பதை முதலில் பார்ப்போம் அக்கா என்றேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு.

முதலில் ஹார்ட் டிஸ்க்

விண்டோஸ் திரை வந்த பிறகு வேர்டு திறப்பதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. இதற்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திட்டிப் பயன் இல்லை. நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க், 4 ஜிபி ரேம், அதில் குரோம் பத்து டேப். எது ஓடினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால் ‘பென்டிங் செக்டார்’ என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டியது 8 என்று இருந்தது. படிக்க முடியாமல் திணறும் இடங்கள் அவை. அந்த எண்ணைப் பார்த்த பிறகு வேறு எதையும் தொடவில்லை, முதலில் காப்பி.

கோப்புகள் மொத்தம் 61 ஜிபி. அதோடு விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக எடுத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ‘மை டாகுமென்ட்ஸ்’ மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை அழித்துவிடுகிறார்கள். பழைய எழுத்துருக்கள் இல்லாவிட்டால் பழைய தமிழ் மனுக்கள் எல்லாம் வெறும் கிறுக்கல்.

பிறகு ஸ்க்ரூ டிரைவர். பிஎச்0 முனை போதும். அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களில் இரண்டு ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன, டிவிடி டிரைவைப் பிடித்திருந்தது தனியாக ஒன்று. கழற்றிய வரிசையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டுவைத்தேன். நீளமும் குட்டையும் கலந்துவிட்டால் திரும்ப மாட்டும்போது கீபோர்டு பக்கம் குத்திக்கொண்டு வரும். விளிம்பைப் பிளக்க காலாவதியான ஏடிஎம் கார்டு.

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி. காலியாக இருந்த இரண்டாவது ரேம் ஸ்லாட்டில் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 4 ஜிபி டிடிஆர்4. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்தப் பொந்தில் ஒரு கேடி (டிவிடி டிரைவ் அளவில், டிஸ்க் மாட்டும் சட்டம்) வைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டுவதாக ஏற்பாடு. கேடி வாங்கப் போகும்போது டிவிடி டிரைவின் தடிமனை அளந்துகொண்டு போங்கள். 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. கேட்காமல் வாங்கினால் கடைக்காரர் கைக்கு எது வருகிறதோ அதுதான் கிடைக்கும். இதற்கு 9.5.

ஃபேனில் பஞ்சு மாதிரி அடைந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்துவிட்டுத் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன்.

மின்ட் ஏற்றுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 மேல் கட்டியது, 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் வைத்து எழுதினேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: எஸ்எஸ்டி மட்டும் மெஷினில் இருக்கும்போது நிறுவுங்கள். இரண்டு டிஸ்க்கும் இருந்தால் நிறுவி சில சமயம் நாம் கேட்ட டிஸ்க்கை விட்டுவிட்டு, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில், சிஸ்டத்தை எழுப்பும் நிரலான பூட்லோடரைக் கொண்டுபோய் வைத்துவிடும். நாளைக்கு அந்தப் பழைய டிஸ்க் செத்தால் புது டிஸ்க்கும் எழுந்திருக்காது. நான் கேடியை வெளியே வைத்துக்கொண்டு நிறுவி முடித்து, அப்புறம்தான் உள்ளே தள்ளினேன். எந்த சிஸ்டம் எழ வேண்டும் என்று கேட்கும் குரப் மெனுவைப் புதுப்பித்ததும் விண்டோஸும் பட்டியலில் வந்துவிட்டது.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வர 24 விநாடி. அக்கா வாயைப் பிளந்தார். அதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போட்டிருந்தாலும் இந்த வேகத்தில் முக்கால்வாசி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். லினக்ஸ் போட்டால் பழைய மெஷின் பறக்கும் என்று சொல்கிறவர்கள் கூடவே எஸ்எஸ்டி மாட்டியதைச் சொல்வதில்லை.

சவுண்ட், வெளிச்சம், டச்பேட், கேமரா, மூடியை மூடினால் தூங்குவது எல்லாம் எதுவும் செய்யாமலே ஓடின. பத்து வருஷத்துக்கு முன் இதில் ஒவ்வொன்றும் ஒரு ராத்திரியைத் தின்னும்.

வைஃபை: ஒரு ஒயர், இரண்டு கம்பம்

கடையில் ரவுட்டர் பின்சுவரில். கவுன்டரிலிருந்து பன்னிரண்டு அடிகூட இருக்காது. விண்டோஸில் சிக்னல் நிறைந்து நின்ற இடம் அது. மின்ட்டில் ஒரு கோடு, அதுவும் வரும் போகும். ரவுட்டரின் மேலேயே லேப்டாப்பை வைத்தால் நன்றாக ஓடியது.

மெஷினைத் திறந்து மூடியது நான்தான், ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டிருப்பேன் என்று முதல் சந்தேகம். மறுபடி திறந்தேன். வைஃபை கார்டு ஒரு கட்டைவிரல் அகலம். அதன் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு தங்க நிறக் கம்பங்கள், 1, 2 என்று குறி. கறுப்பு ஒயர் ஒன்றே ஒன்று, ஒரு கம்பத்தில் மட்டும் கிளிக்காகிக் கெட்டியாக இருந்தது. மற்றதில் தூசிதான் இருந்தது, ஒயர் மாட்டிய தடமே இல்லை. ஆக, கழன்று விழவில்லை. தயாரித்தபோதே ஒரு ஆன்டெனாவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். விலை குறைந்த மாடல்களில் இது சகஜம்.

டெர்மினலில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துப் பார்த்தால் கார்டு ஆர்டிஎல்8723பிஇ. எந்தக் கம்பத்தில் ஆன்டெனா இருக்கிறது என்ற குறிப்பு கார்டுக்குள் சரியாகப் பதிந்திருக்காவிட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வரும் டிரைவர் காலியான கம்பத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும். விண்டோஸுக்கு லேப்டாப் கம்பெனியே டிரைவர் கொடுத்திருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை தலைகாட்டாது. நல்லவேளை, டிரைவரிலேயே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள்: ‘ஆன்ட்_செல்’. அதற்கு 1 அல்லது 2 கொடுத்து நாமே கம்பத்தைச் சொல்லிவிடலாம்.

ஓடிக்கொண்டிருந்த டிரைவரை நிறுத்தி, 1 கொடுத்து மறுபடி ஏற்றினேன், மாற்றம் இல்லை. 2 கொடுத்தேன். மைனஸ் 79 காட்டிய சிக்னல் அளவு மைனஸ் 48-க்கு வந்தது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). கீபோர்டை விட்டுக் கையை எடுப்பதற்குள் கோடுகள் நிரம்பிவிட்டன. டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு குட்டிக் கோப்பு உண்டாக்கி அந்த ஒற்றை வரியை எழுதிவைத்தால் ஒவ்வொரு முறை மெஷின் எழும்போதும் அது நிலைக்கும். ஒயரைப் பிடுங்கி மற்ற கம்பத்தில் மாட்டியும் இதைத் தீர்க்கலாம். அப்படிச் செய்தால் விண்டோஸ் பக்கம் சிக்னல் போய்விடலாம் என்று தொடவில்லை.

விண்டோஸில் ஒன்று கெட்டால் காத்திருக்க வேண்டியிருக்கிறது, லினக்ஸில் கெட்டால் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு உட்காரப் பிடிக்கும். அக்காவுக்கு எதிரே மனு எழுத ஆள் நிற்கும். இந்த வித்தியாசத்தை ‘லினக்ஸுக்கு மாறுங்கள்’ என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டு சில்லறைத் தொல்லைகள்

ஒன்று, மணி. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால், காலை பத்து மணிக்கு கடிகாரம் விடியற்காலை 4:30 காட்டியது. மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்ளும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இடைவெளி நம் நாட்டுக்கு அச்சாக ஐந்தரை மணி. மின்ட்டில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் உள்ளூர் நேரமே வைத்துக்கொள் என்று சொன்னதும் சரி.

இன்னொன்று, பழைய டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளை மின்ட்டில் திறக்கலாம், சேமிக்க முடியாது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ மெஷினை முழுசாக அணைப்பதில்லை, பாதித் தூக்கத்தில் விடுகிறது. அந்த நிலையில் டிஸ்க்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும், மறுப்பதுதான் நியாயம். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் அதை அணைத்தேன், தீர்ந்தது.

புள்ளி முன்னால் போகும் கை

இனிதான் உண்மையான வேலை. அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இரும்பு மெஷினில் பழகிய கை. விண்டோஸில் பழைய டைப்ரைட்டர் முறை கொடுக்கும் கீபோர்டு மென்பொருள் ஒன்று வைத்திருந்தார், திரையைப் பார்க்காமலே அடிப்பார்.

மின்ட்டில் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் மென்பொருள், அதோடு கீபோர்டு அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பு போட்டால் தமிழுக்கு ஒரு வரிசையே கிடைக்கிறது: தமிழ்99, ஃபோனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர். போட்டுவிட்டு ஒரு தடவை லாக் அவுட் ஆகி வர வேண்டும், இல்லாவிட்டால் மேல் பட்டையில் எதுவும் தெரியாது. டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ‘அனுப்புநர்’ என்ற முதல் சொல்லிலேயே அக்கா நின்றார்.

“புள்ளி தப்பா விழுது தம்பி.”

“நீங்க எப்படி அடிக்கிறீங்கக்கா?”

“புள்ளி முதல்ல, எழுத்து அப்புறம். மெஷின்ல அப்படித்தானே?”

மெஷினில் அப்படித்தான். புள்ளிக் கட்டையைத் தட்டினால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. புள்ளி விழுந்த அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து உட்காரும். இந்தக் கீபோர்டு அமைப்போ எழுத்தை முதலில் கேட்டது, புள்ளியைப் பின்னால் கேட்டது. யூனிகோடில் மெய்யெழுத்து சேமிக்கப்படும் வரிசையும் அதுதான்: க, பிறகு புள்ளி. அமைப்பை எழுதியவர் மேல் தப்பில்லை. முப்பது வருஷப் பழக்கத்தை மாற்றச் சொல்லி அக்காவிடம் கேட்பது மட்டும் நடக்காத காரியம். தமிழ்99 கற்றுக்கொண்டால் சுலபம் என்று மெல்ல ஆரம்பித்தேன். “அதை உன் பொண்ணுக்குச் சொல்லிக் குடு” என்று முடித்துவிட்டார்.

எம்17என் அமைப்புகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் அடைப்புக்குறிக்குள் இரண்டு இரண்டாக வரிகள்: இடப்பக்கம் தட்டும் விசைகள், வலப்பக்கம் வர வேண்டிய எழுத்து. அந்தக் கோப்பை வீட்டு ஃபோல்டருக்குள் ‘.எம்17என்.டி’ என்ற ஃபோல்டரில் காப்பி செய்து, தலையில் இருக்கும் பெயரை மாற்றி, புள்ளியும் எழுத்தும் சேரும் வரிகளைப் புள்ளி முந்தி வருமாறு எழுதினேன். மெய் பதினெட்டு, அதோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ. மொத்தம் 23 வரி. ஐபஸை மீண்டும் தொடங்கச் சொன்னதும் புது அமைப்பு பட்டியலில் வந்தது.

‘அம்மா’ சரியாக வந்தது. ‘பத்து’ அடித்தால் ‘ப்தது’ என்று வந்தது. புது வரிகளைச் சேர்த்தேன், பழையவற்றை அழிக்கவில்லை. ப, புள்ளி, த, து என்று தட்டும்போது, ‘ப-வுக்குப் பிறகு புள்ளி வந்தால் ப்’ என்ற பழைய வரி முந்திக்கொண்டு புள்ளியைப் பிடுங்கி ப மேல் வைத்துவிடுகிறது. ‘அம்மா’ தப்பித்தது எப்படி என்றால், அ மேல் புள்ளி வைக்க விதியே கிடையாது. எழுத்துக்குப் பின் புள்ளி வரும் வரிகள் அத்தனையையும் தேடி அழித்தேன். அதன்பின் ‘பத்து’, ‘விண்ணப்பம்’, ‘வட்டாட்சியர்’ எல்லாம் விழ வேண்டிய மாதிரி விழுந்தன.

அடுத்து கொம்பு. ‘கெ’ அடிக்க மெஷினில் கொம்பு முதலில், எழுத்து அப்புறம். அது ஏற்கெனவே சரியாக இருந்தது. ரூபாய்க் குறிக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன், வாடகை ஒப்பந்தத்தில் அது இல்லாமல் நடக்காது.

என் கணக்கில் இந்த லேப்டாப்பை லினக்ஸில் நிலைக்க வைத்தது இந்த ஒரு கோப்புதான். கையை மாற்ற முடியாத ஒருவருக்காகக் கீபோர்டை வரி வரியாக மாற்றினேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் சிஸ்டத்தில் தமிழுக்கு என்ன கொடுத்திருக்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு ஒருவரின் மென்பொருளைத் தேடிப் போகலாம். பிடிக்காத ஒரு விசையை நோட்பேடில் திறந்து திருத்த வழி இல்லை.

பழைய கோப்புகள்

ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்த பழைய எழுத்துருக்களை வீட்டு ஃபோல்டரின் ‘.ஃபாண்ட்ஸ்’ உள்ளே போட்டதும் லிப்ரே ஆபீஸில் பழைய மனுக்கள் பெரும்பாலும் படிக்கும்படி திறந்தன. பெரும்பாலும்தான். ஒரு சங்கத்தின் ஆண்டு மலர் கோப்பில் ‘இ’ மட்டும் ஊர் முழுக்கக் காணோம்: ‘ந்த’, ‘ருக்கிறது’. அது யூனிகோடுக்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் அடித்தது. அதில் ‘இ’ உட்கார்ந்திருக்கும் இடம் 173. அந்த எண் கணினி உலகில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிக்கு ஒதுக்கப்பட்டது, அதனால் மென்பொருள் அதை மறைத்துவிடுகிறது. இந்தத் தொல்லையால்தான் டிஸ்கியின் பிந்தைய பதிப்பில் ‘இ’-க்கு 254 என்று இரண்டாவது வீடு கொடுத்தார்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் மாற்றி இருக்கிறது. அதை வைத்து யூனிகோடாக மாற்றியதும் ‘இ’ திரும்பி வந்தது. தடித்த எழுத்து, கோடிட்டது எல்லாம் போய்விட்டது, மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் கடைகளின் டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தால் அது போன வாரம்தான் அறிவித்த மாதிரி இருக்கிறது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்ட மெஷின்களில் விண்டோஸோடு, இந்திய அரசு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் ஒருத்தரும் போனதில்லை. அப்போதே டைப்ரைட்டர் கைக்காரர்களை உட்காரவைத்து அடிக்கச் சொல்லியிருந்தால் இந்த 23 வரியை யாராவது எப்போதோ எழுதியிருப்பார்கள்.

யூனிகோடில் இருந்த கோப்புகளிலும் ஒரு வம்பு. அக்கா லதா எழுத்துருவில் அடிப்பார். அது விண்டோஸோடு வருவது, மின்ட்டில் கிடையாது. அதன் இடத்தில் நோட்டோ எழுத்துரு வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் உயர்ந்து, ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கமாகிவிட்டது. சாதாரண மனுவுக்குப் பரவாயில்லை. முத்திரைத்தாளில் அடிக்கும்போது கையெழுத்து இடம் மட்டும் அடுத்த தாளுக்குப் போனால் என்ன செய்வது? வார்ப்புருக்களை எல்லாம் மீரா இனிமை எழுத்துருவுக்கு மாற்றி, வரி இடைவெளியைக் கைப்படக் கட்டினேன்: 13 புள்ளி எழுத்துக்கு 19 புள்ளி இடைவெளி, ‘ஃபிக்ஸ்ட்’ என்று வைத்து. ஒரு வெள்ளைத்தாளில் அடித்து, முத்திரைத்தாள் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்த பிறகுதான் அசல் தாளை வைத்தோம்.

பேஜ்மேக்கர் 7 கோப்புகள் கொஞ்சம் இருந்தன. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள், யூனிகோடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லிப்ரே ஆபீஸ் டிரா அவற்றைத் திறக்கிறது, பெட்டிகள் இருந்த இடத்தில் இருக்கின்றன, பத்திகள் கலைகின்றன. திருத்த வேண்டிய வேலை வந்தால் விண்டோஸ் பக்கம் போய்ச் செய்வது என்று விட்டாயிற்று.

பிரிண்டர்

ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் பார்க்கும் குட்டி லேசர் பிரிண்டர்களில் ஒன்று. யுஎஸ்பி மட்டும். உழைப்பாளி, ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொதுவான பிரிண்டர் மொழி எதுவும் பேசாது, கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட மொழி ஒன்றுதான் அதற்குத் தெரியும். லினக்ஸுக்குக் கம்பெனியே கொடுத்த டிரைவர் உண்டு, பழசு. 32 பிட் நூலகங்களைக் கேட்டது, கொடுத்தேன். பின்னணியில் ஓடும் ஒரு சேவையைக் கேட்டது, அதையும் ஓட்டினேன். முதல் பக்கம் வந்தது. மெஷினை அணைத்துப் போட்டால் பிரிண்டரைக் காணோம் என்றது. இதோடு மல்லுக்கட்டியதில்தான் நேரம் அதிகம் போனது.

கடைசியில் அதைத் துடைத்துவிட்டு, அந்த மொழியைத் தன்னார்வலர்கள் உடைத்துப் படித்து எழுதிய திறமூல டிரைவரை எடுத்தேன். நிறுவும் பொதியாகக் கிடைக்கவில்லை, மூலத்திலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸின் டெவலப்மென்ட் தொகுப்பு முன்னதாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். கம்பைல் ஆனதும் ஃபில்டர் கோப்பு கப்ஸின் ஃபில்டர் ஃபோல்டருக்குள் போக வேண்டும், பிரிண்டர் சேர்க்கும்போது அதன் விவரம் அடங்கிய பிபிடி கோப்பை நாமே காட்ட வேண்டும். முதலில் மேல் ஓரம் வெட்டுப்பட்டது. காரணம், கோப்பில் தாள் லீகல், கப்ஸில் ஏ4. இரண்டையும் லீகலாக்கியதும் வந்ததுதான் முதலில் சொன்ன வாரிசுச் சான்றிதழ் மனு.

குறை இல்லாமல் இல்லை. தாள் தீர்ந்துவிட்டால் விண்டோஸில் மாதிரி சொல்லாது, பேசாமல் நிற்கும். தாள் வைத்த பிறகும் நிற்கும். வரிசையில் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். அதற்காக டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்துக் கொடுத்தேன், தட்டினால் வரிசை காலியாகி பிரிண்டர் எழுந்துகொள்ளும். ஐகானுக்குப் பெயர் ‘பிரிண்டர் எழுப்பு’.

செலவும், அடுத்த தடவைக்கும்

எஸ்எஸ்டி 1,850 ரூபாய், பழைய ரேம் 700, கேடி 280, தெர்மல் பேஸ்ட் 90. மொத்தம் 2,920. என் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் புது லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்தில் போய்விடும், இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் மெஷினில் இதைச் செய்வதாக இருந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் பிரிண்டர் மாடலைக் கேட்பேன். ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறை வழியில் தனி டிரைவரே இல்லாமல் அச்சடிக்கும் பிரிண்டராக இருந்தால் பாதி வேலை இல்லை. அடுத்து, பென்டிரைவிலிருந்து லைவாக ஓடும்போதே வைஃபை சிக்னலை அவர் உட்காரும் இடத்தில் வைத்து அளப்பேன், வீட்டில் என் ரவுட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட மாட்டேன். மூன்றாவது, ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் உரிமையாளரை உட்காரவைத்து ஒரு பக்கம் தமிழில் அடிக்கச் சொல்வேன். அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும், இறங்கலாமா வேண்டாமா என்று.

கைரேகைக் கருவி வைத்துச் செய்யும் வேலை மட்டும் மின்ட்டுக்கு வரவில்லை. அந்தக் கருவியோடு வந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். அதற்காகக் கேடியில் இருக்கும் விண்டோஸை விட்டுவைத்து, 2026 அக்டோபர் வரையிலான பாதுகாப்பு அப்டேட்டுக்கும் பதிவு செய்தாயிற்று. பென்டிங் செக்டார் எண்ணிக்கையை மாதம் ஒரு தடவை பார்த்து வருகிறேன், இன்னும் 8-லேயே நிற்கிறது. கைரேகை வேலைக்கு வருகிறவர்களை அக்கா ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவருகிறார். அக்டோபருக்கு முன் அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்கென்று ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குவதா, அந்த வேலையையே விட்டுவிடுவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.